அல்-ஜஸரீ: ஒளூச் செய்ய உதவிய இயந்திரமும் ஒரகடத்து ரோபோக்களும்

ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வெளியே வரும் நேரத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று ஒவ்வொன்றும் ஒரு தொழிற்சாலை வாசலுக்குப் போகும். அவற்றில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்தவர், டிப்ளமோ முடித்தவர், பன்னிரண்டாம் வகுப்போடு ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தவர் என்று பல பேர்.

அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சொல்லும் செய்திகளில் இப்போதெல்லாம் ரோபோ தவறாமல் இடம்பெறுகிறது. பத்துப் பேர் நின்று வெல்டிங் செய்த இடத்தில் இரும்புக் கைகள் நிற்கின்றன, பெயிண்ட் அடிக்கும் அறைக்குள் ஆளே இல்லை என்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் வாப்பாவின் மனதில், இன்னும் ஐந்து வருடம் கழித்து என் மகனுக்கு அங்கே இடம் இருக்குமா என்ற கேள்வி எழுகிறது.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 820 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த ஒரு முஸ்லிம் பொறியாளரின் வாழ்க்கையைப் பார்ப்போம். ரோபோவின் தந்தை என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வந்துபோகும் பெயர்தான் அவருடையது. பெருமைப்பட்டு, பகிர்ந்துவிட்டு, அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதில்தான் நம் பிள்ளைகளுக்கான பாடம் இருக்கிறது.

அரிசி வணிகர் குடும்பத்துப் பிள்ளை

அவருடைய முழுப்பெயர் பதீஉஸ் ஸமான் அபுல் இஸ் இஸ்மாயீல் இப்னு அர்-ரஸ்ஸாஸ் அல்-ஜஸரீ. பதீஉஸ் ஸமான் என்றால் காலத்தின் அதிசயம். அது மக்கள் அவருக்குத் தந்த சிறப்புப் பட்டம். அர்-ரஸ்ஸாஸ் என்பது அரிசி வணிகரைக் குறிக்கும் சொல். அல்-ஜஸரீ என்பது ஊர்வழிப் பெயர். யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆகிய இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட வடபகுதியை அரபுகள் அல்-ஜஸீரா என்று அழைத்தார்கள். அந்த மண்ணைச் சேர்ந்தவர் என்பதால் அல்-ஜஸரீ.

அவர் வாழ்ந்தது கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டு. சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி (ரஹ்) அவர்கள் சிலுவைப் போராளிகளிடமிருந்து பைத்துல் முகத்தஸை மீட்ட காலம். அல்-ஜஸரீ பணிபுரிந்த அர்துகிய அரச குடும்பத்துக்கும் அந்த வரலாற்றில் பங்கு உண்டு. 1183-இல் ஆமித் நகரை வென்ற ஸலாஹுத்தீன், அதை அர்துகிய அரசர் நூருத்தீன் முஹம்மதிடம் ஒப்படைத்தார். இன்று துருக்கியின் தென்கிழக்கில் தியார்பக்கிர் என்று அழைக்கப்படும் நகரம் அது. கருங்கல் மதில் சூழ்ந்த அந்த நகரத்தின் அடியில் டைக்ரிஸ் ஆறு ஓடுகிறது.

ஹிஜ்ரி 570-இல், அதாவது கி.பி. 1174 வாக்கில், அல்-ஜஸரீ இந்தக் குடும்பத்தின் பணியில் சேர்ந்தார். முதலில் நூருத்தீன் முஹம்மத், பின்னர் அவருடைய மகன் குத்புத்தீன் சுக்மான், அதன் பின் இன்னொரு மகன் நாஸிருத்தீன் மஹ்மூத் என்று மூன்று அரசர்களின் காலத்தைப் பார்த்தவர். ரஈஸுல் அஃமால், அதாவது பணிகளின் தலைவர் என்று அவரைக் குறிப்பிட்டார்கள். இன்றைய வழக்கில் தலைமைப் பொறியாளர் என்று சொல்லலாம். ஆனால் மேசையில் அமர்ந்து உத்தரவிட்டவர் என்று எண்ண வேண்டாம். செம்புத் தகட்டை அடித்து வளைப்பது, பித்தளையை வார்ப்பது, மரத்தைச் செதுக்குவது, கயிறும் கப்பியும் கோர்ப்பது என எல்லாவற்றையும் கையால் அறிந்தவர் அவர்.

செய்து பார்த்ததையே எழுதினார்

ஒரு நாள் அரசர் நாஸிருத்தீன் மஹ்மூத், அவர் உருவாக்கிய கருவிகளைப் பார்த்துவிட்டு, இவற்றையெல்லாம் எழுதி வைக்காவிட்டால் இந்த அறிவு உங்களோடு மறைந்துவிடும் என்ற கருத்தில் ஒரு நூல் எழுதச் சொன்னார். அப்போது அல்-ஜஸரீ அந்தக் குடும்பத்துக்கு இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி முடித்திருந்தார்.

அப்படி உருவானதுதான் பொறியியல் நுட்பக் கருவிகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற அரபு நூல். அதன் தலைப்பில் வரும் ஹியல் என்ற சொல் ஹீலா என்பதன் பன்மை. மார்க்கச் சட்ட நூல்களில் ஹீலா என்ற சொல்லைத் தந்திரம், மாற்றுவழி என்ற பொருளில் கேட்டிருப்போம். பொறியியலில் அது, இயற்கையின் விசையைக் கொண்டே ஒரு வேலையை முடித்துக்கொள்ளும் சாமர்த்தியத்தைக் குறித்தது.

நூல் 1206-இல் நிறைவடைந்தது. ஐம்பது கருவிகள், ஆறு பிரிவுகள். முதல் பிரிவு கடிகாரங்கள். அடுத்து விருந்துக்கான பாத்திரங்கள், கை கழுவுவதற்கும் ஒளூவுக்கும் இரத்தம் குத்தி எடுப்பதற்குமான பாத்திரங்கள், நீரூற்றுகளும் தானே ஊதும் குழல்களும், நீர் இறைக்கும் இயந்திரங்கள், கடைசியாகப் பலவகைப் பொருட்கள். அரசவையின் மதுவிருந்துக்கான வேடிக்கைப் பொருட்களும் அதில் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. அரண்மனைச் சம்பளத்தில் இருந்தவர் அரண்மனை கேட்டதையும் செய்தார்.

முன்னோரின் நூல்களை அவர் படித்திருந்தார். ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவரின் நூலையும், ஆர்க்கிமிடீஸ் பெயரில் வழங்கிய நீர்க்கடிகார நூலையும் அறிந்து, அவர்களுக்கு உரிய மதிப்பைக் கொடுத்தார். ஆனால் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காக எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. செய்து பார்க்காத கணக்கு உண்மைக்கும் பொய்க்கும் நடுவே தொங்கிக்கொண்டிருக்கும் என்பது அவருடைய நிலைப்பாடு.

ஒரு உதாரணம். அக்காலத்தில் பகலைப் பன்னிரண்டு மணிகளாகப் பிரிப்பார்கள். கோடையில் பகல் நீளம் என்பதால் மணியும் நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். அதற்கேற்ப நீர்க்கடிகாரத்தில் தண்ணீர் ஒழுகும் வேகத்தை நாள்தோறும் மாற்ற வேண்டும். முன்னோர் சொன்ன அளவுக் குறிகளை அவர் சோதித்தார், தவறு என்று கண்டார். பிறகு தாமே பலமுறை நீரை ஒழுகவிட்டு, அளந்து, திருத்தி, சரியான குறிகளை அமைத்தார். தொழிற்சாலையில் கருவிகளுக்குக் காலிப்ரேஷன் செய்யும் நம் பிள்ளைக்கு இது புரியும்.

யானைக் கடிகாரம்

துபாயில் வேலை பார்த்தவர்கள் இப்னு பதூதா மாலில் பெரிய யானை ஒன்றைப் பார்த்திருப்பார்கள். அதன் முதுகில் அம்பாரி, மேலே பறவை, பக்கங்களில் பாம்பு போன்ற டிராகன்கள். பலர் அதன் முன் நின்று படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது அல்-ஜஸரீயின் யானைக் கடிகாரத்தின் மாதிரி.

யானையின் வயிற்றுக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் அடியில் சிறு துளையிட்ட கிண்ணம் மிதக்கும். துளை வழியாக நீர் ஏறி, சரியாக அரை மணி நேரத்தில் அது மூழ்கும். இந்தியாவில் வெகுகாலம் புழங்கிய முறை இது. தமிழர்கள் நாழிகை வட்டில் என்று அழைத்த நீர்க்கடிகாரத்தின் சொந்தக்காரன் என்றே சொல்லலாம்.

கிண்ணம் மூழ்கும்போது கயிற்றை இழுக்கும். மேலே ஒரு உலோக உருண்டை விடுபட்டு, பருந்தின் அலகு வழியாக டிராகனின் வாயில் விழும். பாரத்தால் டிராகன் கீழே சாயும். உருண்டை தாழியில் விழுந்து ஒலி எழுப்பும். யானைப்பாகன் கை ஓங்குவான். டிராகன் சாயும் அதே விசை மூழ்கிய கிண்ணத்தை மேலே தூக்கிவிடும். உருண்டையை விட்டதும் டிராகன் பழைய இடத்துக்குத் திரும்ப, கிண்ணம் மறுபடி மிதக்கத் தொடங்கும். யாரும் தொடாமல் அடுத்த அரை மணி நேரக் கணக்கு ஆரம்பமாகிவிடும்.

ஒரு வேலையை முடித்ததும், தானே தொடக்க நிலைக்குத் திரும்பி, அதையே பிசகாமல் மறுபடி செய்வது. தானியங்கி இயந்திரத்தின் உயிர்நாடி இதுதான். ஒரு கார்க் கூட்டில் வெல்டிங் புள்ளிகளை வைத்து முடித்ததும், அடுத்த கூட்டுக்காகத் தன் ஆரம்ப இடத்துக்குத் திரும்பி நிற்கும் ரோபோக் கையும் இதையே செய்கிறது. அங்கே தண்ணீரும் கயிறும். இங்கே மின்மோட்டாரும் கணினியும்.

ஒளூவுக்கு உதவிய சிறுவன்

அரசருக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஒளூச் செய்யும்போது பணியாளோ அடிமைப்பெண்ணோ பக்கத்தில் நின்று தம் கையில் தண்ணீர் ஊற்றுவதை அவர் விரும்பவில்லை. வேறு வழி செய்து தரும்படி அல்-ஜஸரீயிடம் கேட்டார்.

அவர் செம்பில் ஒரு சிறுவனின் உருவத்தைச் செய்தார். ஒரு கையில் கூஜா. திறப்பைத் திருப்பினால் அளவான நீர் வழியும். நீர் முடிந்ததும் சிறுவனின் மறுகை தாழ்ந்து துண்டும் கண்ணாடியும் சீப்பும் நீட்டும்.

மயில் வடிவிலும் கை கழுவும் அமைப்பு ஒன்று செய்தார். மயிலின் அலகிலிருந்து வழியும் நீர், கழுவிய பின் கீழே உள்ள அறையில் சேரும். நீர்மட்டம் உயர, உள்ளே மிதவை ஒன்று எழுந்து ஒரு கதவைத் தள்ளும்; சிறு பணியாள் உருவம் சோப்புத் தூளுடன் வெளியே வரும். மட்டம் மேலும் உயர்ந்தால் இரண்டாம் மிதவை எழும். இன்னொரு உருவம் துண்டுடன் வரும். முதல் படி முடிந்தால்தான் அடுத்த படி. இன்றைய ஆலையில் சென்சார் சைகை தந்ததும் அடுத்த இயக்கம் தொடங்குகிறதே, அதே ஒழுங்கு.

இந்தக் கருவியின் நோக்கத்தைக் கவனியுங்கள். ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்காகக் கூஜாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலையைத் தவிர்ப்பது. அதே நேரத்தில் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். கூஜா பிடித்த பணியாளுக்கு அதன் பின் என்ன வேலை கிடைத்தது? அரண்மனையில் அவருக்கு வேறு வேலை இருந்திருக்கலாம். ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அப்படி ஒரு உத்தரவாதம் இல்லை. அதற்குப் பிறகு வருவோம்.

பட்டறையின் நுட்பங்கள்

நீர் இறைக்க அவர் ஐந்து இயந்திரங்களை விவரித்தார். ஐந்தாவது மிகச் சிறப்பானது. ஆற்று நீரோட்டத்தால் சுழலும் சக்கரம், பற்சக்கரம் வழியாக ஒரு தண்டை முன்னும் பின்னும் அசைக்கும். அத்தண்டின் இரு பக்கமும் இரண்டு பிஸ்டன்கள். ஒன்று நீரை உறிஞ்சும்போது மற்றது மேலே தள்ளும். சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றும் இந்த நுட்பத்தைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறது மோட்டார் வாகன எஞ்சின். அங்கே பிஸ்டனின் அசைவு சக்கரத்தின் சுழற்சியாகிறது.

அவர் எழுதிய செய்முறைகள் அதைவிட வியப்பானவை. மரப்பலகை கோணாமல் இருக்க அடுக்கடுக்காக ஒட்டுவது, பெரிய சக்கரங்களின் எடையைச் சமன் செய்வது, செய்யும் முன் காகிதத்தில் மாதிரி வெட்டிப் பார்ப்பது, மூடிய பெட்டியில் ஈரமணல் அச்சு வைத்து உலோகம் வார்ப்பது, வால்வும் அதன் இருக்கையும் நீர் கசியாமல் பொருந்த எமரித் தூள் வைத்துத் தேய்ப்பது. வால்வு தேய்க்கும் வேலையை நம் ஊர் மெக்கானிக் ஷெட்டில் இன்றும் பார்க்கலாம். மணல் வார்ப்பில்லாமல் வாகன உதிரிபாகத் தொழிலே இல்லை. ஆமித் அரண்மனைக்கு அவர் வார்த்த உலோகக் கதவும், எழுத்துச் சக்கரங்களைத் திருப்பித் திறக்கும் பூட்டும் இதே நூலில் உண்டு.

ஒவ்வொரு பாகத்தின் அளவையும், எந்த உலோகம், எங்கே துளை, எதை எதோடு பற்றவைப்பது என்பதையும் படம் வரைந்து எழுத்தால் குறியிட்டு விளக்கினார். பின்னால் வரும் ஒரு கைவினைஞர் நூலைப் பார்த்து அதைச் செய்துவிட வேண்டும் என்பது நோக்கம். பட்டறை இரகசியத்தைத் தந்தை மகனுக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போன காலத்தில் இது பெரிய தர்மம்.

நூல் முடிந்த அதே 1206-இல் அவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவ்வாண்டிலேயே படியெடுக்கப்பட்ட ஒரு பிரதி இஸ்தான்புல் டாப்காபி அரண்மனை நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1974-இல் டொனால்ட் ஹில் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அதை முழுமையாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவர் எழுதிவைத்தபடியே கருவிகளைச் செய்து ஓட்டியும் காட்டியிருக்கிறார்கள்.

நடுவில் எங்கே நின்றோம்?

அல்-ஜஸரீயின் கருவிகள் பெரும்பாலும் அரண்மனைக்குள்ளேயே இருந்தன. பொருள் உற்பத்திக்கான ஆலை அங்கே எழவில்லை. ரோபோ என்ற சொல்லே 1920-இல் செக் எழுத்தாளர் காரல் சாபெக் எழுதிய நாடகத்தில் பிறந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து வந்தது அது. தொழிற்சாலையில் வேலைக்கு நின்ற முதல் ரோபோக் கை யூனிமேட். 1961-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில், அச்சிலிருந்து வரும் சூடான உலோகப் பாகங்களை எடுத்து வைத்தது. மனிதன் கை சுட்டுக்கொள்ளும் வேலை அது.

நம் பகுதிக்கு இந்த அலை வாகனத் தொழிலோடு வந்தது. ஹூண்டாய் 1996-இல் நிறுவனத்தைத் தொடங்கி, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவை வெளியே அனுப்பியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிஸான், 2012-இல் டைம்லர் லாரி ஆலை, 2013-இல் ராயல் என்ஃபீல்டு. கார் ஆலைகளில் வெல்டிங், பெயிண்ட், கண்ணாடிக்குப் பசை தடவுவது போன்றவற்றை ரோபோக்கள் செய்கின்றன. தீப்பொறியும் பெயிண்ட் புகையும் மனிதனின் கண்ணையும் நுரையீரலையும் தின்பவை. அந்த இடத்தில் இயந்திரம் நிற்பது நல்லதே.

ஆனால் வேலை போகும் அச்சமும் உண்மையானது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வருமானம் நின்றது. அங்கே வேலையை எடுத்தது ரோபோ இல்லை. வரி வழக்கும் நிறுவனக் கைமாற்றமும். என்றாலும், ஒரே ஒரு அசைவை மட்டும் கற்றுக்கொண்டு லைனில் நின்றவருக்கு அடுத்த வாசல் எவ்வளவு கடினம் என்பதை அது காட்டிவிட்டது.

பெற்றோரும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியது

ரோபோ தானாக எதையும் அறிவதில்லை. கம்பி வேலிக்குள் நிற்கும் அந்தக் கைக்கு, எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும், எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்பதை ஒரு டெக்னீஷியன் கையடக்கக் கருவியை வைத்துக் கற்றுக்கொடுக்கிறார். வெல்டிங் முனை தேய்ந்தால் கவனிக்கவும், சென்சார் பொய் சொன்னால் கண்டுபிடிக்கவும், மோட்டார் சூடானால் காரணம் தேடவும் ஆள் வேண்டும். வேலையின் வடிவம் மாறுகிறது. பாகத்தைத் தூக்கி வைக்கும் கை குறைகிறது. இயந்திரத்தைப் புரிந்த கை தேவைப்படுகிறது. எண்ணிக்கையில் இரண்டும் சமமாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. எந்தப் பக்கம் நிற்பது என்பதை இப்போதே முடிவு செய்யலாம் என்கிறோம்.

இதற்கு இலட்சக்கணக்கில் பணம் கட்டும் கல்லூரி மட்டுமே வழி என்று எண்ண வேண்டாம். தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை ரோபோ, சி.என்.சி. போன்ற புதிய தொழில்நுட்பப் பயிற்சிக்காக மேம்படுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரகடம் ஐ.டி.ஐ.யிலேயே 2023-இல் அத்தகைய மையம் திறக்கப்பட்டது. நம் மஹல்லாக்களில் ஐ.டி.ஐ. என்றால் மதிப்புக் குறைவு என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. தாவூத் (அலை) அவர்கள் இரும்பால் கவசம் செய்தார்கள், ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சுவேலை செய்தார்கள் என்று பயானில் கேட்டு உருகும் நாம், பிள்ளை கையில் எண்ணெய் பட்டால் ஏன் வெட்கப்பட வேண்டும்? காலத்தின் அதிசயம் என்று பட்டம் பெற்ற மனிதரின் கையிலும் எமரித் தூள் ஒட்டியிருந்தது.

ஜமாஅத்துகள் கல்வி உதவி கொடுக்கும்போது, மருத்துவம், பொறியியல் பட்டம் ஆகியவற்றோடு ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகளையும் பட்டியலில் சேர்க்கலாம். ஏற்கெனவே ஆலையில் இருக்கும் தம்பிகளுக்கு விடுமுறை நாளில் மதரஸா மாடியிலேயே மின்சுற்று, சென்சார் பற்றிய அடிப்படை வகுப்பு நடத்தலாம். கற்றவர் கற்றுக்கொடுக்க வேண்டும். அல்-ஜஸரீ ஐம்பது கருவிகளின் இரகசியத்தையும் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார்.

முதலாளிகளாக இருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்பத்தூரிலும் ஒரகடத்திலும் உதிரிபாகப் பட்டறை வைத்திருப்பவர்கள் இயந்திரம் வாங்குவது அவர்களின் உரிமை. ஆனால் கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பல வருடம் உழைத்தவரை இயந்திரம் வந்த மறுநாள் வெளியே அனுப்புவது அந்த மார்க்கத்தின் உணர்வுக்குப் பொருந்தாது. புதிய இயந்திரத்தில் முதல் பயிற்சி பழைய தொழிலாளிக்கே தரப்படட்டும்.

அடுத்த முறை அந்த யானைக் கடிகாரத்தின் படம் உங்கள் கைப்பேசிக்கு வந்தால், பகிரும் முன் வீட்டுப் பிள்ளையை அருகில் அழைத்து உட்கார வையுங்கள். கிண்ணம் மூழ்கிய பின் மறுபடி எப்படி மேலே வந்தது என்று கேளுங்கள். அவன் காகிதத்தில் வரைந்து யோசிக்கத் தொடங்கினால், அல்-ஜஸரீ எழுதி வைத்தது அவனுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

அல்லாஹ் அவருக்கு மறுமையில் உயர்ந்த பதவியையும், நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும் ஹலாலான ரிஸ்கையும் வழங்குவானாக. ஆமீன்.